புற்றுநோய்த் தொண்டும் நம் இளைஞர்களும்

(ஆமத்தூரில் நடைபெற்ற நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், நலத்தொண்டுக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. இரவுப் பள்ளி தொடங்கியதையும், நம் காலனியிலிருந்து முதற் பட்டதாரி வந்ததையும், பெண் பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நிறுத்தாமல் படிக்கவைக்கப் பட்ட பாட்டையும் எங்களுக்கு முன் பேசியவர்கள் விரிவாகக் கூறிவிட்டார்கள். எங்களுக்கு அளிக்கப்பெற்ற பொருள் புற்றுநோய்த் தொண்டு. மங்கல விழாவில் இந்தப் பேச்சு எதற்கு என்று விழாக் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை ஒரு குவளையிலிருந்து தொடங்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் தெருவில் ஒரு தாய் நோயுற்றார். பெயர் வேண்டாம், இங்கிருக்கும் பலர் அவர் கையால் உண்டவர்கள். நாம் ‘ஆபீஸ்’ என்றே சொல்லிப் பழகிய பட்டாசு ஆலையில் சரம் பின்னி, அந்தக் கூலியில் மகனைப் படிக்கவைத்தவர். மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் கழிந்தபின் அவருக்கு மீண்டும் உதிரப்போக்கு தொடங்கியது. எட்டு மாதம் அவர் எவரிடமும் சொல்லவில்லை. மகனிடம் சொல்லக் கூச்சம். மருமகளிடம் சொல்ல மனமில்லை. மருத்துவமனைக்குச் சென்றால் அன்றைய கூலி போகும். பின்னியதற்குத்தான் கூலி, உட்கார்ந்ததற்கு அல்ல என்பது நம் வீடுகளுக்குத் தெரியாததா? கடைசியில் மதுரைக்குக் கொண்டுபோனபோது நோய் கருப்பையின் வாயைக் கடந்து பரவியிருந்தது.

இதுவரை கூறியது நோயின் கதை. திரும்பி வந்தபின் நடந்ததே எங்களை இந்தப் பணிக்குக் கொண்டுவந்தது. அவருக்குத் திண்ணையில் பாய் விரிக்கப்பட்டது. தனித் தட்டு வைக்கப்பட்டது. தனிக் குவளை வைக்கப்பட்டது. பேரப்பிள்ளைகள் அருகே செல்லக்கூடாதென்று தடுக்கப்பட்டனர். எவரும் கெட்ட எண்ணத்தால் செய்ததன்று. ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சத்தால் செய்தார்கள். ஆயினும் சற்றே எண்ணிப் பாருங்கள். தேநீர்க் கடைகளில் நம் தந்தையர்க்கும் பாட்டனார்க்கும் தனிக் குவளை வைத்தார்கள். அந்தக் குவளையை எதிர்த்து அடிபட்டவர்கள், வழக்கில் சிக்கியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் வாழும் தெருவில், நம் தாய் ஒருவர்க்கு, நம் கையால் தனிக் குவளை வைத்தோம். படித்த நாங்கள் அந்தத் திண்ணையைக் கடந்து நாள்தோறும் சென்றோம். புற்றுநோய் தொற்றுநோய் அல்ல என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தவர்கள் எங்களில் நான்கைந்து பேராவது உண்டு. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் இறந்தபோது சங்கம் ஈமச்செலவுக்குப் பணம் கொடுத்தது, மாலை வைத்தது, இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானப் புத்தகத்தில் அவருக்கு நான்கு வரிகள் உள்ளன. அவர் உதிரப்போக்கோடு வேலைக்குப் போய்வந்த எட்டு மாதங்களுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. எங்கள் குழு அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

நிற்க. இந்த நாட்டில் புற்றுநோய்க்கு எதிரான பணி எவ்வாறு தொடங்கியது என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். மகப்பேறு உதவித் தொகைக்காக நம் பெண்கள் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால் பலர் அதிகாரி ஒருவரின் மனைவி என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள், தேவதாசிக் குலத்தில் வந்தவர். இழிந்த பிறப்பு என்று ஊரார் முத்திரை குத்திய வீட்டுப் பெண், ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு மூண்டது. மன்னர் இசைவு தந்த பின்னரே சேர முடிந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தார். பின்னர் சென்னைச் சட்ட மேலவையில் அமர்ந்து, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்படுவது யாதென்று அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1923இல் அவர்தம் தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவரான தமக்கை உடனிருந்தும் காப்பாற்ற இயலவில்லை. அன்று மனத்தில் விழுந்த எண்ணம் மருத்துவமனையாக எழுந்து நிற்க முப்பத்தோராண்டு ஆயிற்று. இடையே அரசிடம் கேட்டார். பொருள் வராத இடத்திலெல்லாம் இந்திய மாதர் சங்கத்தின் பெண்களோடு சேர்ந்து நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்த படுக்கைகள் பன்னிரண்டு. அரசு கட்டித் தந்ததன்று அது. பெருவணிகர் எவரும் தம் பெயர் பொறித்து எழுப்பியதும் அன்று. மாதர் சங்கம் ஒன்று எடுத்த பணி. சங்கம் என்றால் ஆண்டுக்கொரு பொதுக்கூட்டம், ஒரு தேநீர் விருந்து என்று எண்ணுவோர் இதைக் கருதிப் பார்க்கலாம்.

1955இல் டாக்டர் வி. சாந்தா அங்கே சேர்ந்தார். தேர்வாணையத்தின் வழியாக அரசு மகளிர் மருத்துவமனையில் பணி கிடைத்திருந்தது. அதை விடுத்து இந்தப் பன்னிரண்டு படுக்கைக்கு வந்தார். தொடக்கத்தில் ஊதியமின்றி உழைத்தார். பின்னர் மாதம் 200 ரூபாயும் வளாகத்தில் தங்க இடமும் கிடைத்தன. முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் சேர்ந்து அம்மருத்துவமனையை வளர்த்தார்கள். 2005இல் மகசேசே விருது, 2016இல் பத்ம விபூஷண் என்று உலகம் அவரைப் போற்றியது. 2021 ஜனவரியில் மறையும்வரை அவர் அவ்வளாகத்தை விட்டு வெளியேறவில்லை. அரசுப் பணி ஆணை வந்தால் ஊரே கூடி மாலையிடும் நம்மிடம், வந்த ஆணையை ஒருவர் வேண்டாமென்றார் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் அவ்வாறு செய்ய வேண்டுமென்று நாங்கள் கூறவில்லை. நம் வீட்டு அடுப்பு வேறு.

ஆனால் இங்கே ஓர் ஐயம் எழும். அவர்கள் மருத்துவர்கள், பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்த நம்மால் என்ன ஆகும்? இந்த ஐயத்திற்கு விடை நூலிலிருந்து அன்று, மும்பையின் குடிசைப் பகுதிகளிலிருந்து வந்திருக்கிறது. 1998இல் டாடா நினைவு மருத்துவமனை அங்கே ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கியது. ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பெண்கள் அதில் அடங்கினர். கருப்பை வாயைச் சோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பத்தாம் வகுப்பு படித்த, அப்பகுதிகளைச் சேர்ந்த பெண்கள். சில வாரப் பயிற்சி பெற்றவர்கள். அவர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதித்த பிரிவில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 31 விழுக்காடு குறைந்தது. 2013இல் இம்முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

நமக்கு இன்னும் அருகில், திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் இத்தகைய ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கைச் சுகாதார மையமும், அடையாறு மருத்துவமனையும், உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தின. 30 முதல் 59 வயதுக்குட்பட்ட கிராமத்துப் பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒரே ஒரு முறை சோதித்தனர். அதனாலேயே அந்நோய்ச் சாவு 35 விழுக்காடு குறைந்ததென்று 2007இல் வெளியிட்டார்கள்.

சோதனை எது என்று தாய்மார்கள் அறிய வேண்டும். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் தடவுகிறார்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், மாறத் தொடங்கிய இடம் வெண்மையாகத் தெரியும். வெண்மை தெரிந்தால் புற்றுநோய் என்று பொருளன்று. மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று பொருள். எச்.பி.வி. என்னும் வைரசு உடலில் நிலைத்துத் தங்கி, அந்த மாற்றம் புற்றாக முற்றப் பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேலாகிறது. அவ்வளவு காலம் நமக்குக் கையில் இருக்கிறது. முன்னமே கண்டால் அந்த இடத்தை உறையவைத்தோ சுட்டோ அகற்றிவிடலாம். நம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இச்சோதனையைக் கட்டணமின்றிச் செய்கிறார்கள், மார்பகத்தையும் சோதிக்கிறார்கள். மார்பில் தோன்றும் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்கவில்லையே என்று விட்டவர்கள்தாம் மிகுதி.

இங்கே எங்கள் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலாது. இவ்விரண்டு ஆய்வுகளிலும் பெண்களை இரு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூற்றுக்குச் சோதனை. மறுகூற்றுக்கு அறிவுரை மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க அவ்வாறு வேண்டியிருந்தது என்றார்கள். அது சரியா என்று பிற்பாடு கடும் வாதம் எழுந்தது. மறுகூற்றில் இறந்தவர்களும் ஏழைப் பெண்களே. அமெரிக்காவில் 1951இல் என்றியட்டா இலாக்சு என்னும் கறுப்பினப் பெண் இதே நோயால் முப்பத்தொரு வயதில் மாண்டார். புகையிலைத் தோட்ட வேலையில் வளர்ந்தவர். அவரிடமோ குடும்பத்தாரிடமோ கேளாமல் எடுக்கப்பட்ட அவருடைய திசுவணுக்கள் ஆய்வுக்கூடங்களில் இன்றளவும் பெருகிக்கொண்டிருக்கின்றன. இந்நோய்க்கு வைரசே காரணம் என்று கண்டு 2008இல் நோபல் பரிசு பெற்ற செர்மானிய அறிஞர் ஆரால்டு சூர் ஆவுசனின் ஆய்விலும் அந்த அணுக்களுக்குப் பங்கு உண்டு. குடும்பத்தார்க்கோ 1970களில்தான் செய்தி தெரிந்தது. உழைக்கும் மக்களின் உடலிலிருந்து அறிவு பிறக்கிறது. அவ்வறிவு அவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருவதற்குத்தான் இத்தனை காலம் பிடிக்கிறது. திண்டுக்கல்லில் கண்டறிந்தது ஆமத்தூருக்கு வந்து சேர வேண்டாமா? கொண்டுவருவது யார்?

நாங்கள் கொண்டுவர முயன்ற கதையையும் கேளுங்கள். முதன்முதலில் ஒரு முகாம் ஏற்பாடு செய்தோம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, “கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை” என்று தெருத்தெருவாக முழங்கினோம். பந்தல் போட்டோம், பதாகையும் கட்டினோம். அன்று வந்தவர்கள் மூவர். அவர்களுள் இருவர் எங்கள் குழுவினரின் தாய்மார். ஊரறிய முழங்கிய ஒன்றுக்கு, ஊர் பார்க்க எந்தப் பெண் நடந்து வருவாள்? இந்த எளிய செய்தி நாங்கள் ஆண்கள் கூடித் திட்டமிட்டதால் எங்களுக்கு எட்டவில்லை.

பின்னர்ப் பெண் பிள்ளைகள் பொறுப்பேற்றார்கள். ஒலிபெருக்கி போயிற்று. ஆலை வேன் வந்து இறக்கிவிட்டபின், குழாயடியில் தண்ணீர் வரும் நேரத்தில், ஒருவரோடொருவர் பேச்சாகத் தொடங்கியது. சோதனை செய்பவரும் பெண்தான், கதவு சாத்தியிருக்கும், வலிக்காது, பத்து நிமிடம் போதும் என்று சொன்னார்கள். ‘இந்த நோய் நடத்தை கெட்டவளுக்கு வருவது’ என்று ஒரு மூதாட்டி சொன்னபோது, திருமண வாழ்வு நடத்தும் எவருக்கும் அந்த வைரசு வரலாம், கணவனிடமிருந்தே வருவதும் உண்டு என்று பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தலை நிமிர்ந்து விளக்கினாள். அவளைப் படிக்கவைக்கச் சங்கம் செலவிட்ட பணம் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது இருவர் மூவராகச் சேர்ந்து, கோவிலுக்குப் போவதுபோல் சுகாதார நிலையத்துக்குப் போய்வருகிறார்கள். எண்ணிக்கை சொல்லிப் பெருமைப்பட நாங்கள் விரும்பவில்லை. போகாதவர்களே இன்னும் அதிகம். பெண் குழந்தைகளுக்கு அந்த வைரசுக்கான தடுப்பூசி உண்டு. பதினான்கு வயதுப் பெண்களுக்கு அதைப் போடும் திட்டத்தைத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. நம் பிள்ளைகளின் பெயர் விடுபடாமல் பார்ப்பதும் இனி இக்குழுவின் வேலை.

ஆண்களுக்கும் ஒரு சொல். பட்டாசு ஆலைக்குள் பீடி நுழையக்கூடாது. வாசலிலேயே மடியைத் தடவிப் பார்த்து அனுப்புகிறார்கள். உயிருக்கு அஞ்சிப் பீடியை வெளியே வைக்கிற நாம், புகையிலையை வாய்க்குள் அடக்கிக்கொண்டு உள்ளே போகிறோம். அது வெடிக்காது என்பது உண்மை. ஆனால் மெல்லும் புகையிலையும், அத்துடன் சேரும் பாக்கும் வாய்ப் புற்றுக்குக் காரணம் என்பது உலகம் ஒப்பிய முடிவு. வாய்க்குள் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காட்டிவிட வேண்டும். சொல்லும் எங்களில் ஒருவர் இன்னும் அப்பழக்கத்தை விடவில்லை. அவர் பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டுள்ளார்.

நோய் முற்றியவர்க்கு என்ன செய்வது? இதற்குக் கேரளம் வழிகாட்டியாயிற்று. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் இராசகோபால், டாக்டர் சுரேசுகுமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்தாரே தொண்டர்களாயினர். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் எவரும் சேரலாம் என்றார்கள். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுநர், சுமைதூக்குவோர், கல்லூரி மாணவர் எனப் பலரும் பயிற்சி பெற்று வீடு தேடிச் சென்றார்கள். புண் கட்டினார்கள், மாத்திரை தீராமல் பார்த்தார்கள், வீட்டில் அரிசி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. நம் மாநிலத்திலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கு வருகிறது. வருபவர் கதவைத் தட்டும்போது உள்ளே நோயாளி இருக்கிறார் என்று சொல்ல அண்டை வீட்டார் ஒருவராவது வேண்டுமே! வாரத்தில் இரண்டு மணி நேரம் என்பது பேருந்து நிறுத்தத்துச் சுவரில் நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிடக் குறைவு.

அந்தச் சுவரில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரைப் பற்றிக் கூறி முடிக்க எண்ணுகிறோம். அவர் இசைவு தந்துள்ளார். பட்டம் பெற்றவர், நான்காம் தொகுதித் தேர்வை மும்முறை எழுதித் தேறாதவர். வீட்டில் சோற்றுத் தட்டின் முன் தலைகுனிந்து உண்டவர். வாய்ப் புற்றுநோயுற்ற பெரியவர் ஒருவர்க்குக் கதிர்வீச்சு மருத்துவம். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரத்துக்கு மேல் மதுரைக்குப் போய்வர வேண்டும். பெரியவரின் மகன்கள் திருப்பூரில். துணைக்கு ஆளில்லை. ‘சும்மாதானே இருக்கிறாய்’ என்று அரைக் கேலியாகச் சொல்லி இவரை அனுப்பினோம். அவ்வாறு சொன்னதற்கு இன்று வெட்கப்படுகிறோம்.

முதல் வாரம் தேர்வு நூலை எடுத்துச் சென்று தாழ்வாரத்தில் படித்தார். இரண்டாம் வாரம் அருகிலிருந்த ஒரு மூதாட்டி காப்பீட்டு அட்டைக்குரிய தாளை நீட்டி, படித்துச் சொல் என்றார். அதிலிருந்து அவருக்கு ஓய்வில்லை. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் எதைக் கொண்டுபோவது, குடும்ப அட்டையில் பெயர் பிழையாக இருந்தால் என்ன செய்வது, எந்தச் சன்னலில் எத்தனை மணிக்கு நிற்பது என்று இராமநாதபுரத்தாரும் தேனிக்காரரும் அவரைத் தேடி வந்து கேட்டார்கள். ‘தம்பி எங்கே’ என்று செவிலியரும் கேட்டார்கள். அவரை ஒருவர் தேடியது அவருக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை என்று எங்களிடம் சொன்னார். பெரியவர் ஒன்றரை ஆண்டு இருந்தார். கடைசிவரை தன் வீட்டுக் குவளையிலேயே நீர் அருந்தினார். அந்த இளைஞர் நான்காம் முறையும் தேர்வில் தேறவில்லை. ஐந்தாம் முறை எழுதப்போகிறார். இதற்கிடையே நம் ஊரிலிருந்து இதுவரை பதினொருவர்க்குத் துணையாக மதுரைக்குச் சென்று வந்திருக்கிறார்.

புதிதாகச் சேர்வோர்க்குச் சில செய்திகள். நாம் மருத்துவர் அல்லோம். பச்சிலை இது, பத்தியம் அது என்று எவர்க்கும் உரைத்தல் கூடாது. ‘குணமாகிவிடும்’ என்று வாக்களிக்கவும் கூடாது. நோயாளியின் செய்தியைத் தேநீர்க் கடையில் பேசுபவரைக் குழுவிலிருந்து நீக்குவோம், இருமுறை நீக்கியிருக்கிறோம். பழம் கொடுத்துவிட்டு நோயாளியோடு படம் எடுக்கும் வழக்கம் நம்மிடம் கிடையாது. வீட்டுக்குச் சென்றால் அவர்கள் தரும் தண்ணீரை வாங்கி, அந்த வீட்டுக் குவளையில், நோயாளியின் அருகில் அமர்ந்து குடிக்க வேண்டும். பயிற்சியின் முதல் நாள் பாடம் அதுதான்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை முதல் பேருந்தில் இருவரை மதுரைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர்க்குத் துணை அமைந்துவிட்டது. மற்றவர் கணவனை இழந்த தாய், பெண் துணை வேண்டும், இன்னும் கிடைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் மேடையின் இடப்புறம் குறிப்பேட்டோடு எங்கள் குழுப் பெண்கள் இருப்பார்கள்.